அந்த இன்னொரு பழம்

தமிழ்நாட்டில் ஒருவரின் வயதைக் கண்டுபிடிக்க ஆதார் அட்டை வேண்டியதில்லை. பேச்சுவாக்கில் “ஒரு ரூபாய்க்கு ரெண்டு வாழைப்பழம்” என்று சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்தால் போதும். உதட்டோரம் தானாகத் துடித்தால் அவர் 1989க்கு முன்பு பிறந்தவர், அல்லது அப்படிப் பிறந்தவர்கள் ரிமோட்டைக் கைப்பற்றி வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர். “எந்தக் கடையிலண்ணே?” என்று கேட்டால் தம்பி இந்த நூற்றாண்டுக்காரர். அவர் காதில் விலை மட்டும்தான் விழுந்திருக்கிறது.

‘கரகாட்டக்காரன்’ படத்தில் கவுண்டமணி காசு கொடுத்து இரண்டு பழம் வாங்கி வரச் சொல்கிறார். செந்தில் ஒன்றோடு வந்து நிற்கிறார். இன்னொன்று எங்கே என்ற கேள்விக்கு அவர் சொல்லும் பதிலை இங்கே எழுதப்போவதில்லை. தெரிந்தவர்கள் இந்நேரம் மனதுக்குள் சொல்லி முடித்திருப்பார்கள். தெரியாதவர்களுக்கு எழுதிக் காட்டினால், படித்துவிட்டு “அப்புறம்?” என்பார்கள். கங்கை அமரன் இயக்கிய அந்தப் படம் மதுரையில் ஒரு வருடத்தையும் தாண்டி ஓடியது. படத்தைத் தியேட்டரிலிருந்து எடுத்தும் பல காலம் ஆகிறது, பழக்கணக்கு மட்டும் இன்னும் நேராகவில்லை.

வசனத்தைப் பாதி சொல்லி நிறுத்துவது தமிழர்களின் பழக்கம். மீதியை எதிரில் இருப்பவர் முடித்துவைக்க வேண்டும். முடித்தால் நம்ம ஆள். விழித்தால் பேச்சு சட்டென்று பெட்ரோல் விலைக்குத் தாவிவிடும். முன்பின் தெரியாத இரண்டு பேர் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து, விழுப்புரம் வருவதற்குள் தோளில் தட்டிக்கொள்வதும், ஒரே வீட்டில் வருடக்கணக்காக ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதும் இந்த மீதிப் பாதியால்தான்.

அப்படி ஒரு வீடு மதுரையில் இருக்கிறது. அதில் மூன்று தலைமுறை. வசதிக்காக எல்லோரையும் அந்த வீட்டுக் கல்லூரி மாணவியின் உறவுமுறையிலேயே அழைக்கலாம்: தாத்தா, பாட்டி, அப்பா. மாணவியை மட்டும் மகள் என்போம். இதில் அப்பா என்பவர்தான் இதை எழுதுகிறவர். தன்னைப் பற்றிப் படர்க்கையில் எழுதினால் கொஞ்சம் மரியாதை கூடும் என்று நம்புகிறவர்.

தாத்தாவுக்கு வசனம் தனியாக நினைவில் இருப்பதில்லை, தியேட்டரோடு சேர்ந்துதான் இருக்கும். ‘பராசக்தி’ என்றால் தங்கம் தியேட்டர். 1952 தீபாவளிக்கு அந்தப் படத்தோடுதான் அது திறக்கப்பட்டது. ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று மதுரைக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள், வெளியூர்க்காரர்கள் எதிர்த்துப் பேசியதில்லை. தாத்தா அதைத் தன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். நீதிமன்றக் காட்சி வந்ததும் கூட்டம் திரையோடு சேர்ந்து பேசியதாம். தியேட்டர் இடிக்கப்பட்டுப் பல காலம் ஆகிறது. ஆனாலும் தாத்தா ஆட்டோக்காரருக்கு வழி சொன்னால் “தங்கம் தியேட்டர்ல போயி லெஃப்ட்ல திரும்புப்பா” என்றுதான் சொல்லுவார். ஆட்டோக்காரருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அவர் கூகுள் மேப்பில் தேடுவார். கூகுளுக்கு மு. கருணாநிதியும் தெரியும், சிவாஜி கணேசனும் தெரியும், ஆனால் இல்லாத தியேட்டரில் எப்படித் திரும்புவது என்று தெரியாது.

வீட்டுக்குச் சொத்து வரி நோட்டீஸ் வந்தால் தாத்தா கட்டபொம்மன் ஆகிவிடுவார். 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னில் சக்தி கிருஷ்ணசாமி எழுதிய அந்த வரி வசனத்தை வாசலில் நின்று முழுசாகப் பேசுவார். ஒருமுறை நோட்டீஸ் கொண்டுவந்த இளைஞர் தலையை ஆட்டிக்கொண்டு கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். தாத்தாவுக்கு மகிழ்ச்சி, படம் பார்த்த பையன் போலிருக்கிறது என்று. “படம் பாக்கல சார். யூ.கே.ஜி.யில மாறுவேடப் போட்டிக்கு நான்தான் கட்டபொம்மன்” என்றார் இளைஞர். பிறகு, ஆன்லைனிலும் கட்டலாம் என்று ஜாக்சன் துரைக்குத் தோன்றாத யோசனையையும் சொல்லிவிட்டுப் போனார். தமிழ்நாட்டில் படங்களைக் காப்பாற்றிவைக்க ஆவணக் காப்பகம் எதற்கு? பள்ளிக்கூட ஆண்டு விழா இருக்கிறது. ஒட்டு மீசை வழுக்கி வாய்க்குள் போனாலும் வசனத்தை நிறுத்தாத ஐந்து வயதுக் குழந்தைகளை நம்பி அந்தப் படம் அறுபது வருடங்களைத் தாண்டி வந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தாத்தா காலத்துச் சிறுவர்களுக்கு வசனங்கள் தெரிந்ததற்குக் காரணம் அவர்களுடைய ரசனை அல்ல, காதை மூட வழியில்லாததுதான். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா, கட்சி மாநாடு எதுவானாலும் புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள். விடிகாலையில் ஆரம்பித்தால் ராத்திரிவரை ஊருக்கே ஒலிச்சித்திரம். ‘திருவிளையாட’லில் தருமியாக வந்த நாகேஷ் சிவபெருமானிடம் கேள்வி கேட்பதும், ஏ.பி. நாகராஜனே நக்கீரராக வந்து குற்றம் கண்டுபிடிப்பதும் படம் பார்க்காத பாட்டிகளுக்கும் மனப்பாடம் ஆனது அப்படித்தான். 1984இல் ‘விதி’ வந்தபிறகு எங்கே பார்த்தாலும் அதன் கேசட். காதலித்து ஏமாற்றியவனைப் பெண் கோர்ட்டில் ஏற்றி நியாயம் கேட்கிற கதை. அதைக் கல்யாண வீட்டில் போடுவார்கள். மணமேடையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்க, வெளியே குழாயில் வக்கீல் குறுக்கு விசாரணை நடத்திக்கொண்டிருப்பார். யாருக்கும் அது அபசகுனமாகத் தோன்றியதில்லை. சவுண்டு சர்வீஸ்காரரிடம் இருந்த கேசட் அது, அவ்வளவுதான்.

அப்பாவின் காலத்தில் குழாய் போய்ப் பெட்டி வந்தது. அதிலும் ஒரே சேனல். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம். டிவி இருந்த வீட்டில் தெருவே கூடும். படத்துக்காக உட்கார்ந்த சிறுவர்கள் அதே வேகத்தில் ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியையும் பார்த்ததால், வயலைப் பேருந்து ஜன்னலில் மட்டுமே பார்த்திருந்த டவுன் பையன்களுக்கும் நெற்பயிரின் புகையான் பூச்சியைப் பற்றி ஓரளவு தெரிந்திருந்தது. தாத்தா பார்த்ததைப் பேரன் பார்த்தான், பேரன் பார்த்ததைத் தாத்தாவும் வேறு வழியில்லாமல் பார்த்தார். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. அதன்பிறகு வீட்டில் முதன்முறையாக “மாத்து” என்ற சொல் கேட்க ஆரம்பித்தது.

இப்போது மாற்றவும் வேண்டியதில்லை. ஆளுக்கொரு போன், காதில் ஆளுக்கொரு கருவி. ஒரே சோபாவில் நான்கு பேர் நான்கு வெவ்வேறு விஷயங்களுக்குச் சிரிக்கிறார்கள். இந்த நிலைமையிலும் மூன்று தலைமுறைக்கும் பொதுவாக ஓர் ஆள் மிஞ்சியிருக்கிறார் என்றால் அது வடிவேலுதான். 2003இல் ‘வின்ன’ரில் கைப்புள்ளயாக வந்தார், 2006இல் ‘தலைநகர’த்தில் நாய் சேகர், அதே வருடம் இம்சை அரசன் புலிகேசி. காமெடி சேனல்கள் இந்தக் காட்சிகளைச் சாப்பாட்டு நேரம் பார்த்துத் திரும்பத் திரும்ப ஓட்டின. அதாவது பழைய குழாய் ஸ்பீக்கரின் வேலையை அவை கொஞ்ச காலம் பார்த்தன. ‘வின்ன’ரில் அவர் நடத்திய வருத்தப்படாத வாலிபர் சங்கம் பத்து வருடம் கழித்துச் சிவகார்த்திகேயன் படத்துக்குத் தலைப்பானது. நாய் சேகர் என்ற பெயருக்கோ இரண்டு படக்குழுக்கள் போட்டி போட்டன. கடைசியில் 2022இல் ஒரே வருடத்தில் ‘நாய் சேகர்’ என்று சதீஷ் படமும், ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’ என்று வடிவேலு படமும் வந்தன. தன் கதாபாத்திரத்தின் பெயரைத் தானே வைத்துக்கொள்ள ஒருவர் பின்னால் ஒரு ‘ரிட்டர்ன்ஸ்’ சேர்க்க வேண்டியிருந்தது.

2019 மே 29ஆம் தேதி நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. ஃபேஸ்புக்கில் கட்டடப் பொறியியல் பக்கம் ஒன்று, சுத்தியல் படத்தைப் போட்டு இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டது. ஒரு தமிழர் பெயரைச் சொன்னதோடு நில்லாமல், இது தலையில் விழுந்துதான் காண்ட்ராக்டர் நேசமணி அடிபட்டார் என்று வருத்தத்தோடு சேர்த்துவிட்டார். நேசமணி 2001இல் வந்த ‘ஃபிரண்ட்ஸ்’ படத்து வடிவேலு. அதுவும் மலையாளத்திலிருந்து வந்த படம். அன்று ராத்திரிக்குள் நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யும் ஹேஷ்டேக் உலக அளவில் டிரெண்ட் ஆனது. மறுநாள் மத்தியில் புதிய அரசு பதவியேற்க இருந்தது, இங்கிலாந்தில் உலகக் கோப்பை கிரிக்கெட் தொடங்க இருந்தது. இரண்டையும் ஓரம் தள்ளிவிட்டுத் தமிழ் இளைஞர்கள் மருத்துவ அறிக்கை வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் படம் வந்தபோது நடை பழகிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அன்று இந்த வீட்டில் தாத்தாவுக்கு மட்டும் விவரம் பிடிபடவில்லை. “பாவம், எந்த ஊர் காண்ட்ராக்டர்? எந்த ஆஸ்பத்திரியில வச்சிருக்காக?” என்று கேட்டார். அவர் கவலைப்பட்டதில் தப்பில்லை, முகத்தைக் காட்டாமல் பெயரை மட்டும் சொன்னது மற்றவர்களின் குற்றம். வடிவேலுவின் படத்தைக் காட்டியதும் அவரும் சிரித்துவிட்டு, “அப்ப நல்லாத்தானே இருக்கான்?” என்று பேப்பரை எடுத்துக்கொண்டார்.

ஆனால் வடிவேலுவை வைத்துக்கொண்டும் சண்டை வரும். தாத்தாவின் தலைமுறைக்கு வசனம் என்றால் குரல், அதைப் பேசிக் காட்ட வேண்டும். மகளின் தலைமுறைக்கு அது முகம், அனுப்பினால் போதும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பாட்டி தினமும் காலையில் ரோஜாப்பூவோடு வணக்கம் வைப்பார். மகள் பதிலுக்கு வடிவேலு ஸ்டிக்கர் போடுவாள். பருவத் தேர்வு முடிவு வந்த அன்று அவள் ஹாஸ்டலிலிருந்து தலையில் கைவைத்து அழும் வடிவேலுவை அனுப்பினாள். ஊரிலிருந்து பெரியப்பா, அத்தை, சித்தி எல்லோரிடமிருந்தும் வரிசையாகப் போன். பெரியப்பா பஸ் ஏறுவதற்கே தயாராகிவிட்டார். அவள் எல்லாப் பாடத்திலும் பாஸ். ஒரு பாடத்தில் எதிர்பார்த்ததைவிட இரண்டு மார்க் குறைவு, அதற்குத்தான் வடிவேலு. “ஸ்டிக்கரையெல்லாம் யாராவது சீரியஸா எடுப்பாங்களா பெரியப்பா?” என்று அவள் கேட்க, “அழுகுறாம்ல அவன்!” என்றார் அவர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

அந்தக் காட்சி எந்தப் படத்தில் வருகிறது என்று அப்பா கேட்டார். மகளுக்குத் தெரியாது. வடிவேலு ஏன் அழுகிறார் என்றும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை என்றாள். கதை தெரியாமல் முகத்தை மட்டும் வைத்துக்கொள்வது அநியாயம் என்று அப்பாவுக்குத் தோன்றியது. பிறகு யோசித்தால், கட்டபொம்மன் பேசுகிற தாத்தாவுக்கும் படத்தின் இரண்டாம் பாதி சரியாக நினைவில்லை.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. அதுதான் அப்பாவுக்குத் தாங்க முடியாதது. ‘குணா’ 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யோடு வந்து, அந்தக் கூட்டத்தில் நசுங்கிய படம். அதன் அருமையை விளக்கி அப்பா வீட்டில் பேசாத நாளில்லை. பேச ஆரம்பித்தாலே மகளுக்குத் தூக்கம் வரும். 2024 பிப்ரவரியில் ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ வந்தது. கொடைக்கானலில் வெள்ளைக்காரன் பிசாசின் அடுப்படி என்று பெயர் வைத்துவிட்டுப் போன குகை, கமல்ஹாசன் படத்துக்குப் பிறகு குணா குகை ஆனது. அதில் விழுந்த நண்பனைக் கேரளத்து இளைஞர்கள் மீட்கிற உண்மைக் கதை. படத்தின் உச்சத்தில் இளையராஜாவின் அந்தக் ‘குணா’ பாட்டு வந்ததும் தியேட்டரே எழுந்து நின்றது. மகள் படம் பார்த்துவிட்டு வந்து மூச்சு வாங்கச் சொன்னாள்: “அப்பா, குணான்னு ஒரு படம் இருக்காம்ப்பா. செமயா இருக்குமாம். நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா?”

அப்பா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

அதே வருடம் செப்டம்பரில் ‘லப்பர் பந்து’. அப்போது விஜயகாந்த் மறைந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. 1989இல் வந்த ‘பொன்மனச் செல்வ’னில் அவர் பாடும் பாட்டு ஒன்று, இந்தப் படத்தில் அட்டகத்தி தினேஷ் மட்டையோடு மைதானத்தில் இறங்கும்போதெல்லாம் ஒலித்தது. கல்லூரி விழா, ரீல்ஸ், கிரிக்கெட் போட்டி என்று மறுபடியும் அந்தப் பாட்டுக்கு ஒரு சுற்று. விஜயகாந்த் ரசிகர் மன்றத்தில் இருந்த பக்கத்து வீட்டு மாமா, முப்பத்தைந்து வருடம் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டுக்குத் தெருப் பையன்கள் ஆடுவதைப் பார்த்து முதலில் கேலி செய்கிறார்கள் என்றுதான் நினைத்தார். இல்லை என்று தெரிந்ததும் தன் பழைய கேசட் பெட்டியைத் தூசு தட்டி இறக்கினார். போட்டுக் கேட்க வீட்டில் டேப் ரிக்கார்டர் இல்லை.

மகளுக்கே வயதாகிவிட்டதைக் காட்ட ஒரு பையன் வந்தான். அவளுடைய சித்தி மகன், ஏழாம் வகுப்பு. லீவுக்கு வந்திருந்தபோது தாத்தா, “ஆறு, ஏழு மணிக்குள்ள கோயிலுக்குக் கெளம்பணும்” என்றார். பையன் இரண்டு உள்ளங்கைகளையும் மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். “என்னய்யா எடை போடுற?” என்றார் தாத்தா. அமெரிக்க ராப் பாடகர் ஒருவரின் பாட்டிலிருந்து கிளம்பி, உலகம் முழுக்கப் பிள்ளைகள் ‘சிக்ஸ் செவன்’ என்று கத்திக்கொண்டிருந்த நேரம். டிக்ஷனரி டாட் காம் இந்த எண்ணைத்தான் 2025ஆம் ஆண்டின் சொல்லாக அறிவித்தது, அதற்குச் சரியான பொருள் என்னவென்று அந்த அகராதிக்கே பிடிபடாத நிலையில். பையனைக் கேட்டால், “ஒண்ணுமில்ல தாத்தா, அதான் காமெடி” என்கிறான். அர்த்தமே இல்லாததற்குச் சிரிப்பதா என்று முகம் சுளித்தவர்களில் மகளும் ஒருத்தி. அவளுக்குச் சோறு ஊட்டுவதற்காக இதே வீட்டில், ‘சந்திரமுகி’யில் வேட்டையன் ராஜா எழுப்பும் சத்தத்தை நாக்கைச் சுழற்றிச் சுழற்றி ஒரு மனிதர் தினமும் எழுப்பிக்கொண்டிருந்தார். அதற்கும் அகராதியில் பொருள் கிடையாது. அந்த மனிதர்தான் இதை எழுதுகிறவர்.

புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் பெரிய குழப்பம். இந்த விஷயத்தில் சிவகார்த்திகேயனின் பங்கு கணிசமானது. 1968இல் கே. பாலசந்தர் எடுத்த ‘எதிர்நீச்சல்’ என்ற தலைப்பில் 2013இல் நடித்தார். கமலின் ‘காக்கி சட்டை’, ரஜினியின் ‘வேலைக்காரன்’, ‘மாவீரன்’, கார்த்திக் நடித்த ‘அமரன்’ என்று ஒவ்வொன்றாகத் தலைப்பு அவரிடம் வந்து சேர்ந்தது. கடைசியில் ‘பராசக்தி’யும். மகள் “பராசக்தி டீசர் வந்திருச்சு” என்று கத்தியபோது தாத்தா தூக்கத்திலிருந்து எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார். பார்த்தார். “கோர்ட் சீன் எப்ப வரும்?” என்றார்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் சேர்ந்து ஏதாவது ஒன்றைப் பார்க்கலாம் என்று முடிவானது. அபூர்வமாக எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்: ‘எதிர்நீச்சல்’. தாத்தா மனதில் மாடிப்படிக்குக் கீழே குடியிருந்து வீட்டுக்கெல்லாம் எடுபிடி வேலை செய்கிற நாகேஷ். அப்பாவின் மனதில் பெயரை மாற்றிக்கொண்டு மாரத்தான் ஓடுகிற சிவகார்த்திகேயன். பாட்டி சொன்னது சன் டிவி சீரியலை. கொஞ்ச நேரம் இந்த வித்தியாசம் ஒருவருக்கும் தெரியவில்லை. “அந்தப் பையன் பாவம்ல, எல்லாரும் அவனை வேலை வாங்குவாங்க” என்றார் தாத்தா. “ஆமா, ஆனா கடைசில ஜெயிச்சிருவான்ல” என்றார் அப்பா. “எங்க ஜெயிச்சா? அந்த ஆளு அந்த வீட்டுப் பொம்பளைங்கள என்ன பாடு படுத்துறான்” என்றார் பாட்டி. அப்போதுதான் மூன்று பேரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

மகள் யூடியூபில் பெயரைத் தட்டினாள். முதலில் வந்தது சீரியல். நாகேஷ் எங்கேயோ அடியில் இருந்தார், மாடிப்படிக்குக் கீழேயே. திரையில் ஆதி குணசேகரனாக ஜி. மாரிமுத்து கண்ணை உருட்டிக்கொண்டு வந்து நின்றதும் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஏய், இவர் அந்த மீம் அங்கிள்ல!” அவள் அந்த முகத்தைத் தோழிகளுக்கு எத்தனையோ தடவை அனுப்பியிருக்கிறாள். மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானபோதுகூட அதே முகத்தை ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள்.

“இவர் எதுக்கு பாட்டி எப்பப் பாத்தாலும் இவ்ளோ கோவமா இருக்காரு?”

பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார். “அது ஒரு பெரிய கதைடி. மொதல்ல இருந்து சொல்றேன், கேளு.”

“மொத்தம் எத்தனை எபிசோட்?”

“எழுநூறுக்கு மேல.”

தாத்தா நாகேஷை விட்டுக்கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். டீக்கடைக்குப் போகிறாராம். யாரும் கேட்காமலே அப்பாவும் கூடக் கிளம்பினார்.